யாழ்ப்பாணம் – கொழும்பு: சோளகத்துக்கு எதிரே சைக்கிளில்

யாழ்ப்பாணத்தில் இருந்து காலிமுகத்திடல் வரை சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டோம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமவுக்கு வரும் வெளிமாவட்டக் குடும்பங்களின் தங்குமிடச் செலவுக்குப் பணம் சேர்க்கத்தான் இந்தப் பயணம். புறப்பட்ட எல்லோரும் மிதித்தே வந்தோம், ஒருவர்கூட வான் வண்டியில் ஏறவில்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா வரை ஏ9 வீதியில் பெரிய சிரமம் இல்லை. விடியுமுன் கிளம்பினால் காற்றும் வெயிலும் ஏறுவதற்குள் நல்ல தூரம் போய்விடலாம்.

சோதனை அநுராதபுரத்துக்குப் பிறகுதான். ஓகஸ்ட் மாதச் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. ஏ12 வீதி புத்தளத்தை நோக்கி மேற்கும் தெற்குமாகப் போவதால் காற்று இடது முன்பக்கமாக அடிக்கிறது. அப்போது முன்னால் போகிறவரின் வலது பின்புறத்தில்தான் காற்றுப் படாத ஒதுக்கு கிடைக்கும். ஆனால் அது லொறியும் பஸ்ஸும் வரும் பக்கம். ஆகவே ஒற்றை வரிசையில், வீதியோரமாக, சைக்கிளுக்குப் பின்னால் சைக்கிள் நெருக்கமாக ஓடினோம். முன்னுக்கு நிற்பவர் சில நிமிடம் காற்றைத் தாங்குவார். அப்புறம் பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து விலகிக் கடைசிக்குப் போவார்.

பலமானவர்கள் முன்னுக்குக் கூடுதல் நேரம் நின்றார்கள். அதைவிட நான் மெச்சுவது, அவர்கள் வேகத்தைக் கூட்டாமல் இருந்ததை. முன்னுக்கு வந்தவுடன் இன்னும் கொஞ்சம் மிதிக்கத் தோன்றும். அந்தக் கொஞ்சத்தில்தான் கடைசி ஆள் வரிசையை விட்டுக் கழன்றுபோவார். கழன்றவர் அந்தக் காற்றில் தனியாக மிதித்து மறுபடி பிடிப்பது மிகவும் கஷ்டம். எங்களில் மூத்த நானா ஒருவர் பின்னால் இருந்து "தம்பிமார், கொஞ்சம் மெதுவா" என்றால் போதும், குரல் ஆள்மாறி ஆள்மாறி முன்னுக்குப் போகும், வேகம் குறையும்.

வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு போத்தலில் தண்ணீர், இன்னொன்றில் கரைத்த ஜீவனி உப்புப் பொடி. பசிக்கும் முன்பே வாழைப்பழம், மீன் வைத்த மாலு பணிஸ். நொச்சியாகமவில் குடித்த பிளேன்டீயில் எல்லோருக்கும் முகம் தெளிந்தது.

புத்தளத்தில் தெற்கே திரும்பியதும் காற்று வலதுபக்கத்துக்கு மாறியது, ஒதுக்கும் வீதியோரத்துக்கே வந்தது. சிலாபம் தாண்டினால் தென்னந்தோப்புகள் காற்றைப் பாதி மறித்துவிடும். நீர்கொழும்புக்குப் பிறகு கவனம் முழுக்க பஸ்கள்மேல்தான். வத்தளை, பேலியகொடை சிக்னல்களில் வரிசை அறுந்தபோதெல்லாம், அப்பால் நின்று கடைசி ஆளும் வந்த பிறகே மிதித்தோம். காலிமுகத்திடலுக்குள் சேர்ந்தே நுழைந்தோம்.

பணம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கணக்கு முடிந்ததும் தந்த எல்லோருக்கும் விவரம் அனுப்புவோம். அடுத்தது ஏ32 வீதி, பூநகரி வழியாக மன்னார். அது திறந்த வெளி, நிழலும் குறைவு. பெப்ரவரியில் வைத்தால் வடகிழக்குக் காற்று முதுகுப்பக்கம் இருக்கும். நானா இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்.