சார்ஜ் ஏற்றும்போதுதான் வினையூக்கியின் உண்மையான சோதனை

காது கேட்கும் கருவியில் போடுகிற குட்டி பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய் துத்தநாகத்தோடு வேலையைத் தொடங்கும், தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். அதையே திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும்படி செய்வதுதான் பெரிய பாடு.

இந்தத் துத்தநாகம்-காற்று கலத்தின் கோட்பாட்டு மின்னழுத்தம் சுமார் 1.65 வோல்ட். நடைமுறையில் 1.2 வோல்ட் அளவுக்குத்தான் கொடுக்கும், சார்ஜ் ஏற்ற 2 வோல்ட் வரை கேட்கும். போட்ட ஆற்றலில் 60 சதவீதம்தான் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியில் பெரும்பகுதி போவது காற்று மின்முனையில், அதாவது காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைபுரியும் பக்கத்தில். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை வாங்கி ஹைட்ராக்சைடாக மாற வேண்டும், சார்ஜின்போது அதே வேலை தலைகீழாக நடக்க வேண்டும், இரண்டுமே மந்தமான வினைகள், அவற்றை வேகப்படுத்தத்தான் வினையூக்கி. பிளாட்டினம் முதல் வேலையில் கெட்டி, இரண்டாவதில் சுமார். இரிடியம், ருத்தேனியம் ஆக்சைடுகள் அப்படியே நேர்மாறு. அதனால்தான் இரும்பு-நைட்ரஜன்-கார்பனையும் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடையும் சேர்த்து, விலை குறைவான உலோகங்களை வைத்தே இரண்டு வேலையையும் முடிக்கப் பார்க்கிறார்கள்.

எனக்கு இதில் பெரிய கவலை கார்பன்தான். வினையூக்கியைத் தாங்கி நிற்பதும் மின்சாரத்தைக் கடத்துவதும் அதுதான், ஆனால் சார்ஜ் ஏற்றும் மின்னழுத்தத்தில் அதுவே மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அரிக்கப்படுகிறது. அரித்த இடத்தில் உலோகத் துகள்கள் கழன்றுவிடும், நுண்துளைகளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் புகுந்து காற்றின் வழியை அடைத்துவிடும், உண்டாகும் கார்பனேட் வேறு சேர்ந்துகொள்ளும். முதல் நாள் எடுத்த மின்னழுத்த வளைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் இதையெல்லாம் அது காட்டாது!

பல ஆய்வுக் கட்டுரைகளில் பத்து நிமிடம் சார்ஜ், பத்து நிமிடம் டிஸ்சார்ஜ் என்று நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டிக் காட்டுகிறார்கள். சரி, ஆனால் தடித்த துத்தநாகத் தகட்டில் ஒரு துளிதான் அதில் பயன்பட்டிருக்கும். துத்தநாகத்தில் எத்தனை சதவீதம் கரைந்தது என்று சொல்லாமல் ஆயுளை மட்டும் சொன்னால் எப்படி நம்புவது? நீண்ட டிஸ்சார்ஜ், நீண்ட சார்ஜ், அப்புறம் காற்று மின்முனையை வெளியே எடுத்து எவ்வளவு வினையூக்கி உலோகம் மிச்சமிருக்கிறது என்ற அளவீடு, இவ்வளவும் வேண்டும். கார்பனே இல்லாமல் நிக்கல் நுரையின் (பஞ்சுபோல் துளைகள் கொண்ட நிக்கல்) மேல் வினையூக்கியை நேரடியாக வளர்த்தால் அரிப்புத் தொல்லை குறையும், பரப்பளவு குறைந்தாலும் அது பரவாயில்லை என்பேன். சார்ஜுக்குத் தனி மின்முனை வைக்கும் வழியும் இருக்கிறது. எடை கூடும்தான், ஆனால் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் மின்சேமிப்பு அமைப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.