விடிந்தால் தேர்வு

நாளை காலை தங்கைக்குப் புள்ளியியல் தேர்வு. ஐந்து அலகுகளில் இரண்டை அவள் இன்னும் தொடவே இல்லை. இரவு 10 மணிக்குப் போய்ப் பார்த்தால், மஞ்சள் மை படாத வரியே இல்லாத ஒரு பக்கத்தை நான்காவது முறையாக வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

புத்தகத்தை மூடச் சொன்னேன். "நேரமே இல்லை அக்கா" என்று கண் கலங்கினாள். வெற்றுத்தாளை நீட்டி, நினைவுக்கு வருவதை எழுது என்றேன். திட்டவிலக்கச் சூத்திரத்துக்கு வர்க்கமூலக் குறியைப் போட்டவள், உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் பேனாவை நிறுத்தினாள். அவள் படிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்!

திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்பு செய்தவர்களே முந்தினார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள்.

தொடாத இரண்டில் ஒன்றை அடியோடு விட்டுவிடச் சொன்னேன். மனமில்லாமல்தான் ஒப்புக்கொண்டாள். தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. படித்தது மூளையில் ஊன்றுவதற்கு உறக்கம் வேண்டும். இறுதியாண்டில் விடிய விடிய விழித்திருந்து, நன்றாகத் தெரிந்த கணக்கையே தவறாகப் போட்டுவிட்டு வந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

மணி 12. ஐந்தரைக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறாள். நுழைவுச்சீட்டும் கால்குலேட்டரும் பையில் இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துவிட்டேன்.