தலையைத் தொட்டு எண்ணும் சிஸ்டர்

வந்த முதல் ராத்திரியே தூங்கிவிட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் ஆறு வருடம் வீட்டுத்தாயாக இருந்தேன். யாருமில்லாமல் ஒரு குழந்தை கிடைத்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். குழுவின் உத்தரவோடு சாயங்காலம் எங்களிடம் வந்து சேர்வார்கள். நேற்று வரை வேறெங்கோ படுத்திருந்த பிள்ளை, இன்று எங்கள் பாயில். கண் மட்டும் கதவு மேலேயே இருக்கும்.

அப்படி வந்த ஆறு வயதுப் பிள்ளை ஒருத்திக்காகத்தான் அந்தக் கதையை ஆரம்பித்தேன். அன்று நல்ல மழை, கரண்ட் இல்லை. அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளை, வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவள். என் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்து வரவே இல்லை. மற்ற 13 பேரும் முழித்துக்கொண்டு கிடந்தார்கள். நான் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, "ஒரு பாறை மலை. அதுக்கு அடியில ஒரு பழைய வீடு. அங்க ஒரு சிஸ்டர் இருந்தாங்க" என்று தொடங்கினேன்.

ஏன் சிஸ்டர்? நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் ஏழாவதிலிருந்து பத்தாவது வரை கான்வென்ட் விடுதியில் படித்தவள். இருட்டில் செருப்புச் சத்தமும் சாவிக்கொத்துச் சத்தமும் கேட்டால், அங்கே எங்களுக்கு ஒரு தைரியம் வரும். அந்தச் சத்தத்தைத்தான் முதலில் கதைக்குள் கொண்டுவந்தேன். பிறகு அவர் தோளில், உடுப்புக்கு உள்பக்கமாக, வரிசையாக ஏழெட்டு ஊக்குகள் குத்தி வைத்தேன். பொத்தான் அறுந்த சட்டையோடு எந்தப் பிள்ளை எதிரில் வந்தாலும், சிஸ்டர் ஒன்றும் கேட்காமல் ஒரு ஊக்கை எடுத்து மாட்டிவிடுவார். பையில் வறுத்த வேர்க்கடலையும் வெல்லக்கட்டியும் எப்போதும் இருக்கும். வாசலில் புதிதாக வந்து நிற்கும் பிள்ளையிடம் பேர் கேட்க மாட்டார், ஊர் கேட்க மாட்டார். "ஊட்டா ஆய்தா?" என்பார்.

அந்த இடத்தில் வாசற்படியிலிருந்து முகம் திரும்பியது. கன்னடத்தில் எனக்குத் தெரிந்தது "சாப்பிட்டாயா?" என்ற அந்த ஒரு கேள்விதான். அது போதுமாக இருந்தது. மறுநாள் தேன்கனிக்கோட்டைப் பிள்ளை ஒருத்தி, "சிஸ்டருக்குத் தெலுங்கு தெரியாதாக்கா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சிஸ்டர் "தின்னாவா?" என்றும் கேட்கப் பழகினார்.

ராத்திரி சிஸ்டர் பிள்ளைகளை எண்ணுவதை எங்கள் இல்லத்து ஆயாவிடமிருந்து எடுத்தேன். வளர்க்க முடியாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுப்போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004-இல்தான் தனியானது. ஆயா அந்தக் காலத்தில் தொட்டில் மையத்தில் பச்சைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். பொம்பளைப் பிள்ளையாகப் பிறந்த ஒரே காரணத்துக்காகத் தொட்டிலுக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் இறங்கிவிடும். "எண்ணும்போது தொட்டு எண்ணும்மா. கண்ணு ஏமாத்திடும், கை ஏமாத்தாது" என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். கதையில் சிஸ்டரும் விளக்கை அணைக்கும் முன் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். கதை முடிந்ததும் நானும் அப்படியே எண்ண வேண்டும். ஒரு தலை விட்டுப்போனால், "என்னை எண்ணலை" என்று இருட்டிலிருந்து குரல் வரும்.

எங்கள் 14 பேரில் அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லாதவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு யாரோ ஒருவர் எங்கோ இருந்தார்கள். பெங்களூரில் கட்டட வேலையில் அம்மா, இரண்டாவது கல்யாணம் செய்துகொண்ட அப்பா, கண் தெரியாத பாட்டி. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சேர்த்து 'அனாதை' என்று ஒரே பேர். ஒருத்தி அழுதுகொண்டே வந்து அதைச் சொன்ன அன்று, கதையில் சிஸ்டர் அந்த வார்த்தையைச் சொன்ன பெரிய மனிதரை உட்கார வைத்து, தன் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். பேர் வரிசையில் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

பிறந்தநாள் சாப்பாடு போட வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த குடும்பம் பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்தது. நான் தடுக்கவில்லை. பிரியாணி கொண்டுவந்தவர்களிடம் என்னத்தைச் சொல்வது என்று இருந்துவிட்டேன். ராத்திரி ஒருத்தி கேட்டாள்: "சிஸ்டர் போட்டோ எடுக்க விடுவாங்களாக்கா?" எனக்குப் பதில் வரவில்லை. பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், 74-ஆவது பிரிவில் இருக்கிறது. பயிற்சியில் அதைப் படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அப்படியும் அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அடுத்த ஞாயிறு வாசலிலேயே போனை வாங்கி மேஜையில் வைக்க எனக்குத் துணிச்சல் வந்தது.

ஒரே ஒருமுறை கதை என் கையை மீறிப் போனது. துறவு சபைகளில் சிஸ்டர்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். என் விடுதி சிஸ்டரும் அப்படித்தான் போனார், ஜீப் ஏறும்போது நாங்கள் எல்லோரும் அழுதோம். அதே போல இந்தச் சிஸ்டருக்கும் ஒருநாள் மாற்றல் கடிதம் வந்ததாகச் சொன்னேன். கதைக்கு அழகாக இருக்கும் என்று நினைத்தேன். யாரும் அழவில்லை, சத்தமே இல்லை. அப்புறம் அந்த அஞ்செட்டிப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "அப்போ யாரு எண்ணுவாங்க?" என்றாள். கடிதம் தப்பான விலாசத்துக்கு வந்துவிட்டது என்று அங்கேயே கதையை மாற்றினேன். அவர்கள் நம்பவில்லை. சிஸ்டர் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டு ராகிக் களி கிண்டினார் என்று சொன்ன பிறகுதான் படுத்தார்கள்.

வெல்லத்துக்காகவும் ஊக்குக்காகவும்தான் அவரைப் பிடித்திருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் போகாமல் இருப்பதற்காகப் பிடித்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் போனேன். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, தர்மபுரிக்கே வர வேண்டியதாகிவிட்டது. அந்தக் கடைசி ராத்திரியும் கதை சொன்னேன். எண்ணும்போது கை நடுங்கியது.

18 முடிந்து, இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் போன மாதம் கூப்பிட்டாள். எங்கள் 14 பேரில் மூத்தவள் அவள். நான் இல்லத்தை விட்டு வந்த பிறகு தினமும் அவள்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியிருக்கிறாள். அவள் வெளியே வந்ததும் அஞ்செட்டிப் பிள்ளை எடுத்துக்கொண்டாளாம்.

"சிஸ்டர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்கக்கா. ஒண்ணே ஒண்ணு மாத்திட்டா. எல்லாரையும் எண்ணி முடிச்சதும் சிஸ்டர் தன் தலையையும் தொட்டு ஒண்ணு கூட்டிக்கிறாங்களாம்."