படத்தின் அகலத்தை எப்போது கேட்பது?

13 பிப்ரவரி 2025, வியாழன்

தைப்பூசம் முடிந்த கையோடு ஸ்டூடியோ அக்கா, நான் பார்த்துக்கொள்ளும் அவருடைய இணையதளத்தில் போட வேண்டிய படங்களை அனுப்பிவிட்டார். மலேசியாவின் பினாங்கில், பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்புவதில் தொடங்கி, தண்ணீர்மலைப் படிக்கட்டில் காவடி ஏறுவது வரை எல்லாம் அருமை. கூடவே ஒரு புகார்: "தம்பி, நம்ம தளத்தை முதல் தடவை திறந்தா படமெல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கிடக்கு. மறுபடி திறந்தா சரியாயிடுது. என் ஃபோன்தான் கெட்டுப்போச்சா?"

ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. தளத்தில் முன்பே இருந்த ஸ்கிரிப்ட், பக்கத்தின் கட்டமைப்பைப் படித்து முடித்ததாக பிரவுசர் சொல்லும் டாம் கன்டென்ட் லோடட் நிகழ்வு வந்ததும் படங்களை அளந்து வரிசை கட்டுகிறது. அந்த நிகழ்வு படங்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஆள் வந்து சேருமுன்பே சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான். உயரம் பூஜ்யம் என்று பதில் வருகிறது. இரண்டாம் முறை படம் கேஷில், அதாவது பிரவுசர் சேமித்து வைத்த நகல்களில், இருப்பதால் பெரும்பாலும் சரியான எண் கிடைத்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவரின் கணினியில் எப்போதும் கேஷ் நிறைந்திருக்கும். அதனால்தான் இந்தப் பிழை அவர் கண்ணில் படாமலே வாடிக்கையாளரிடம் போய்ச் சேருகிறது.

14 பிப்ரவரி, வெள்ளி

இன்று ஒரே படத்தைப் பல விதமாக அளந்து பார்த்தேன். நேச்சுரல்வித் 4032 என்கிறது. ஆஃப்செட்வித் 360. கெட்பவுண்டிங்கிளையண்ட்ரெக்ட் 359.66. மூன்றும் உண்மை. முதலாவது படத்தின் சொந்த அளவு, இரண்டாவது திரையில் அது பிடிக்கும் இடம் முழு எண்ணாக, மூன்றாவது அதே இடம் பின்னத்தோடு. விரலோ மவுஸோ பட்டதும் படம் கொஞ்சம் பெரிதாகும்படி டிரான்ஸ்ஃபார்ம் போட்டிருந்தால் மூன்றாவது எண் மட்டும் கூடும், ஆஃப்செட்வித் அசையாது. ஒரு வரியில் நாலைந்து படங்களை ஒட்டி அடுக்கும்போது இந்தப் பின்னத்தை விட்டால் கடைசிப் படம் கீழே இறங்கிவிடும்.

டிஸ்பிளே நன் கொடுத்து மறைத்த படத்துக்கு ஆஃப்செட்வித் பூஜ்யம்தான். நேச்சுரல்வித் அப்போதும் சரியாகச் சொல்லும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை அந்த வசதியே கிடையாது, 9இல்தான் வந்தது. அதற்கு முன் வேலை பார்த்தவர்கள் நினைவில் இன்னொரு இமேஜ் உருவாக்கி, அதன் அகலத்தைக் கேட்டு ஒப்பேற்றினார்கள். அவர்கள் பொறுமைக்கு ஒரு வணக்கம்.

17 பிப்ரவரி, திங்கள்

படம் வந்து முடிந்ததைச் சொல்லும் லோட் நிகழ்வுக்குக் காத்திருந்தால் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். போதாது. நாம் காது கொடுப்பதற்குள் படம் வந்து முடிந்திருந்தால் அந்த நிகழ்வு மறுபடி வராது. அதனால் முதலில், படம் ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்று சொல்லும் கம்ப்ளீட்டைப் பார்க்க வேண்டும். அதுவும் தனியாக நம்பத்தக்கதல்ல: உடைந்த படத்துக்கும் கம்ப்ளீட் உண்மை என்றே வரும், நேச்சுரல்வித் மட்டும் பூஜ்யம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் முடிவு. புதிய பிரவுசர்களில், படம் காட்டத் தயாரானதும் சொல்லும் டிகோட் இருக்கிறது. உடைந்த படம் என்றால் அதுவே மறுத்துவிடும். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

19 பிப்ரவரி, புதன்

எப்படிப் பார்த்தாலும் பிரவுசரில் அளப்பதே இரண்டாம்பட்சம். படத்தை ஏற்றும்போதே சர்வரில் அளந்து, பக்கத்தில் படத்தைக் குறிக்கும் இமேஜ் டேக்கில் அகலமும் உயரமும் எழுதிவிட்டால், படம் வருமுன்பே இடம் ஒதுக்கப்படும். 2019, 2020 வாக்கில் பயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றுமே அந்த இரண்டு எண்ணிலிருந்து விகிதத்தைக் கணக்கிடத் தொடங்கிவிட்டன. திரைக்கு அருகே வரும்போது மட்டும் இறங்கும்படி சோம்பல் லோடிங் போட்ட படங்களுக்கு இது இல்லாமல் முடியாது. இன்னும் இறங்காத படத்தை அளக்கவே வழியில்லை.

மாலையில் காவடி தூக்கியவர் நிமிர்ந்து நிற்கும் படம் அகலப் பெட்டியில் நசுங்கி வந்தது. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம். கோப்புக்குள் பிக்சல்கள் 4032 அகலம், 3024 உயரமாகப் படுத்துக் கிடக்கின்றன. "திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு, கேமரா கோப்புக்குள் எழுதும் எக்ஸிஃப் தகவலில் தனியாக இருக்கிறது. பிரவுசர் அந்தக் குறிப்பைப் படித்து நேச்சுரல்வித் 3024 என்கிறது. சர்வரில் அளக்கும் பிஎச்பியின் கெட்இமேஜ்சைஸ் அதைப் பார்க்காமல் 4032 என்கிறது. ஏற்றும்போதே படத்தை நிஜமாகத் திருப்பிச் சேமித்து, அதன் பிறகு அளக்கும்படி மாற்றினேன்.

கேஷைத் துடைத்துவிட்டு அக்காவின் ஃபோனில் திறந்து பார்த்தோம். எல்லாம் தத்தம் இடத்தில். "அப்ப தீபாவளி படத்தையும் போட்டுருவோமா?" என்கிறார். நாளைக்கு அந்தப் பழைய ஆல்பங்கள்.