குறிஞ்சியின் நீலம் தாளில் இறங்கும்போது

கொடைக்கானலில் 2018 ஆம் ஆண்டு பூத்த குறிஞ்சியை அப்போது நான் எடுத்த படங்களைத் தொகுத்து, 24 பக்கச் சிறு நூலாக அச்சிடச் சிவகாசி அச்சகம் ஒன்றில் கொடுத்திருக்கிறேன். மாதிரிப் பிரதி நேற்று வந்தது. கணினித் திரையில் ஒளிர்ந்த ஊதா நீலம், தாளில் சாம்பல் படிந்தாற்போல் மங்கியிருந்ததைக் கண்டு மனம் சோர்ந்துவிட்டது.

அச்சகத்து அண்ணாச்சியிடம் பேசிய பிறகே காரணம் விளங்கியது. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது. ஆஃப்செட் இயந்திரமோ சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளைக் கொண்டே அனைத்தையும் உருவாக்க வேண்டியிருப்பதால், ஒளிரும் நீலமும் ஊதாவும் எளிதில் மங்கிவிடுகின்றன. "மஞ்சளைக் குறைச்சாலே பூ தெளிஞ்சிடும், தம்பி" என்றார். இரவெல்லாம் அமர்ந்து ஒவ்வொரு படத்தையும் அவ்வாறே திருத்தினேன்; இதழோரத்து நரம்புகள் மீண்டும் தெரிகின்றன.

உள்தாளுக்கு 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம் எடை) மேட் ஆர்ட் பேப்பர், அதாவது பளபளப்பில்லாத வழவழப்புத் தாள். தாள்களை இரண்டாக மடித்து, மடிப்பில் சென்டர் பின் அடிப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், 24 பொருந்திவிட்டது. அட்டைக்குத்தான் நெடுநேரம் யோசித்தேன். வெளிப்புறம் மட்டும் லேமினேஷன் செய்தால், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டினால், லேமினேஷன் இல்லாத உட்புறம் எங்கள் ஊர் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி விரிய, அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். ஆகவே லேமினேஷனைத் தவிர்த்து, மெல்லிய பூச்சான வார்னிஷ் மட்டும் கேட்டிருக்கிறேன். திருத்திய மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்பே 500 பிரதிகளுக்குச் சம்மதம் சொல்வேன்.