தாகோபா வாள்: முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்

சகாராப் பாலைவனத்தில் வாழும் துவாரெக் மக்களின் தாகோபா வாள் கைக்குக் கிடைத்ததும் பலரும் முதலில் தேடுவது அலகில் குத்திய முத்திரையைத்தான். பிறையோ ஓடும் ஓநாயோ தெரிந்தால் போதும், ஐரோப்பிய அலகு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் அலகுகள் சகாராவைக் கடந்து வந்தது உண்மை. 1851இல் கானோவில் (இன்றைய நைஜீரியாவில் உள்ள நகரம்) தங்கிய ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்த், அங்கே அவற்றுக்குக் கைப்பிடி போட்டு விற்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் விலைபோகும் முத்திரையை உள்ளூர்க் கொல்லர்களும் குத்தினார்கள்.

பார்க்க வேண்டியது அலகின் நீளவாக்கில் ஓடும் பள்ளக்கோடுகளை. வாள் மொத்தம் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். இருபுறமும் கூர், முனை மழுங்கல், வெட்டுவதற்கான வாள். நல்ல அலகுகள் பலவற்றில் நடுவே ஒடுங்கிய மூன்று கோடுகள் ஓடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து அலகைச் சாய்த்துப் பாருங்கள். ஆலையில் உருட்டிய அலகென்றால் கோடுகள் ஒரே ஆழத்தில் நேராகப் போகும். கையால் வெட்டியதென்றால் லேசாக அலையும், முடிகிற இடம் முன்பின்னாக இருக்கும். அலைகிறது என்பதற்காக மட்டமான வாள் என்று தள்ளிவிடாதீர்கள். அருமையான உள்ளூர் அலகுகள் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கென்று செய்தவற்றில் பெரும்பாலும் பள்ளமே இருக்காது, மேலாகக் கீறிய கோடுதான்.

அடுத்து கைப்பிடி. இதைச் செய்பவர்கள் இனாதன் என்ற கொல்லர் குலத்தார். காப்பும் (பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குப் பகுதி) பிடியும் தோலாலோ பித்தளைத் தகட்டாலோ மூடியிருக்கும்; வெறும் இரும்பு கையில் படக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அலகு முறிவது பெரும்பாலும் காப்பை ஒட்டிய இடத்தில். பழைய வாள்களில் அங்கே தறையாணி அடித்த ஒட்டு தென்பட்டால் வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என் கணக்கில் அந்த ஒட்டு வாளின் மதிப்பைக் கூட்டுகிறது: அலகைத் தூக்கியெறியாமல் மறுபடி பிடி போட்டிருக்கிறார்கள். வளைத்துச் சோதிக்க மட்டும் வேண்டாம், ஒட்டு விட்டுப்போகும்.

உறைக்குள்ளேயே வைத்திருந்தால் தோலில் ஊறும் ஈரம் அலகைத் துருவாக்கும். பித்தளை தோலைத் தொடும் ஓரங்களில் மெழுகுபோல் பச்சைக் களிம்பு கட்டும். அதை மூங்கில் குச்சியால் சுரண்டியெடுங்கள், தண்ணீர் படவிடாதீர்கள், நனைந்து காய்ந்தால் தோல் சுருங்கி வெடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரையும் போய்விடும். சமையல் எண்ணெய் பிசுக்காகிவிடும். அலகுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு போதும்.