தாத்தா மேல் ஆணையாக

மார்ச் 4, செவ்வாய்

கிந்தாய்ச்சி துப்பறியும் மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், உதாஷிமா தீவுக்கு நான்காவது தடவை. 1992-இல் ஓபரா மாளிகை, 1994-இல் நாவலாக வந்த இரண்டாவது கொலை, 2005-இல் மூன்றாவது, 2018-இல் '37 வயது' என்ற புதிய தொடரின் (இனி வெறும் 37) முதல் கதையாக இந்த ரிசார்ட். முதல் தடவை துப்பறியும் மாணவன் ஹஜிமே கிந்தாய்ச்சிக்கு 17 வயது. பள்ளி நாடகக் குழுவோடு போனான், சிறுவயதுத் தோழி மியுகி கூப்பிட்டதால். இப்போது 37. நிறுவனம் அனுப்பியதால் போகிறான்.

கதைக்குள் இருபது ஆண்டு. வெளியே இருபத்தாறு.

படகு தீவை நெருங்கும் பக்கங்களில் தொண்டை அடைத்தது உண்மை. அந்த மேடையில் விழுந்த சரவிளக்கு நினைவுக்கு வந்தது. அமிலத்தில் முகம் வெந்து உயிரை மாய்த்துக்கொண்ட அந்த மாணவியும். அவள் கதை தொடங்கும் முன்பே போய்விட்டவள், ஆனால் அந்தத் தொகுதியில் அவள் இல்லாத பக்கம் இல்லை.

புதிய கதையில் அப்படி ஒருவரும் இல்லை. தீவு மட்டும் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

அழைப்பு வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இரவு முழுக்க விழிப்பு. ஹொக்கைடோ பனி யட்சன் கதையை மறுபடி எடுத்தேன், பழைய தொடரில் மூன்றாவது. படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், டிரிக்கைச் சொல்லப்போகிறேன்.

குறும்புக் கேமரா நிகழ்ச்சிக்காக வந்த தொலைக்காட்சிக் குழு. கொலை நடப்பதைத் திரையிலேயே எல்லாரும் பார்க்கிறார்கள். கொலை நடந்த கட்டடத்துக்குச் சாலை வழியாகச் சுற்றித்தான் போக முடியும், அதனால் திரைக்கு முன் இருந்தவர்கள் எல்லாருக்கும் அலிபி, வேறிடத்தில் இருந்ததற்கான சான்று. விடை, ஆற்றுக்கு மேல் பனிக்கட்டியால் ஒரு பாலம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏரி உறைந்தால் ஒரு ஆள் நடக்க 10 செ.மீ. தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பார்கள். ஆனால் அது கீழே தண்ணீர் தாங்கிக்கொள்ளும் பனிக்கட்டிக்கு உள்ள கணக்கு. அந்தரத்தில் நிற்கும் பாலத்துக்கு அந்த அளவு போதாது, நடுவில் விரிசல் விடும். உள்ளே கயிறோ துணியோ வைத்து உறையவிட்டால் தாங்கும், சிமெண்டுக்குள் கம்பி மாதிரி. ஒரே ஊற்றாக ஊற்றினால் மேல்தோல் மட்டும் உறைந்து உள்ளே ஈரம் நிற்கும். மெல்லிய அடுக்காகத் தெளித்து, உறைந்த பிறகே அடுத்த அடுக்கு. குளிர் பூஜ்யத்துக்கு ஒட்டி நின்றால் ஓர் அடுக்குக்கே நேரம் ஓடிவிடும். கடுங்குளிர் வேண்டும்.

அப்படியானால் இந்தக் கொலை ஹொக்கைடோவில், நடுக்குளிரில் மட்டுமே நடக்க முடியும். ஊரும் பருவமும் டிரிக்குக்குள்ளேயே இருக்கின்றன. நடைமுறையில் சந்தேகம் எத்தனை வந்தாலும் அந்தக் கதையை என்னால் விட முடியாதது இதனால்தான்.

37-இல் ஊர் மாற்றினாலும் நடக்கிற டிரிக்குகள்தான் கூடுதல்.

மார்ச் 8, சனி

"இனி எந்தப் புதிரையும் அவிழ்க்க எனக்கு விருப்பமில்லை." 37-இல் ஹஜிமே சொல்லும் இந்த வரிக்காகத்தான் தொடரையே வாங்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

போனில் படிக்க வேண்டியதாகிவிட்டது. துப்பறியும் மாங்காவைப் போனில் படிப்பவர்களுக்கு மூன்று விஷயம்.

தனித்தனிப் பக்கமாகப் படித்தால் இரட்டைப் பக்கப் படம் நடுவில் வெட்டுப்படும். வீட்டின் வரைபடம் வரும் இடங்களில் போனைப் படுக்கையாகத் திருப்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது தெரியாது. பூட்டிய அறைக் கதையில் பாதி விடை அந்தக் கதவுதான்.

இரண்டாவது, பக்கம் திருப்பும் இடம். ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடம். திறந்த இரண்டு பக்கத்தில் கடைசிக் கட்டம் இடது பக்கத்தின் கீழ் இடது மூலை. பிணத்தை அந்த மூலையில் வரையமாட்டார்கள். அங்கே அலறும் முகம் இருக்கும், திருப்பினால் பிணம். போனில் விரலால் தள்ளும்போது எல்லாப் பக்கமும் ஒரே எடையாகிவிடுகிறது. அதனால் புதிய தொடரைத் திட்டும் முன் ஒரு தடவையாவது தாளில் படித்துவிட வேண்டும். நான் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, கண்ணாடிபோல் இடவலம் மாற்றி அச்சிட்ட பதிப்பு கையில் கிடைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடக்கைக்காரன் வலக்கைக்காரன் ஆகிவிடுவான், கைக்கடிகாரம் மாறிவிடும். மற்ற மாங்காவில் பரவாயில்லை, துப்பறியும் மாங்காவில் சாட்சியமே தலைகீழ்.

மார்ச் 10, திங்கள்

மியுகி பெரும்பாலும் குறுஞ்செய்தியாகத்தான் வருகிறாள். விமானப் பணியில் இருக்கிறாள், எங்கோ பறந்துகொண்டிருக்கிறாள்.

பழைய தொடரில் அவன் தடுமாறும் நேரமெல்லாம் பக்கத்தில் நின்ற ஒருத்தி. "தாத்தா மேல் ஆணையாக" என்று அவன் சொல்லும்போது அதைக் கேட்க ஆள் வேண்டாமா? இப்போது அந்த இடத்தில் ஹயாமா மரின், அலுவலக இளையவள். சுட்டிப் பெண், எனக்குப் பிடிக்கும். ஆனால் அவளுக்குப் பழைய கிந்தாய்ச்சியைத் தெரியாது. தெரியாதவளிடம் ஆணையிட முடியாது.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் இல்லை. நாளை கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

மார்ச் 13, வியாழன்

துப்பறியும் மாங்காவில் யார், எந்த நேரத்தில், எங்கே இருந்தார்கள் என்று நான் போடும் அட்டவணையைப் போடுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு.

ஏ4 தாளைப் படுக்கையாக வையுங்கள். மேலே வரிசையாகப் பாத்திரங்கள். தொகுதியின் முன்பக்கத்தில் முகங்களோடு பட்டியல் இருக்கும், அதே வரிசையில் எழுதினால் பிறகு தேட வேண்டாம். இடப்பக்கம் நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு கோடு. 10 நிமிடமாகப் போட்டால் தாள் நிரம்பிவிடும், 30 நிமிடமாகப் போட்டால் கொலையே ஒரு கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணால் பார்த்ததற்கு ஒரு குறி, ஒருவர் வாயால் சொன்னதற்கு வேறு குறி. இந்த இரண்டையும் கலப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வாயால் சொன்னதை நம்பிக் கட்டத்தை நிரப்பிவிட்டுக் கடைசியில் ஏமாந்துபோவார்கள்.

அடுத்தது தலை எண்ணுவது. சாப்பாட்டு அறையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் அகலமான கட்டங்களில் மட்டும் எண்ணுங்கள். கட்டத்தின் ஓரம் வெட்டியதால் ஒருவர் தெரியவில்லை என்றால் அது சாட்சியம் ஆகாது. அகலக் கட்டத்தில் நாற்காலி காலியாக இருந்தால்தான் சாட்சியம். ஓவியர் ஃபுமியா சாத்தோவின் பழைய தொகுதிகளில் இதைச் செய்தால் கைமேல் பலன். விடை தெரிந்தபின் திரும்பிப் போனால், பின்னணியில் சின்னதாக நிற்கும் ஆள், மேசையில் இருக்கும் பொருள் எல்லாம் முதலிலேயே நம் கண் முன்னால் இருந்திருக்கும். கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. அந்த எரிச்சலும் சந்தோஷமும் கலந்த உணர்ச்சிக்காகத்தான் இந்தப் புத்தகங்களைத் தேடிப் படித்தேன்.

37-இல் அதே அட்டவணையைப் போட்டேன். துப்பு பேச்சில்தான் வருகிறது. ஒருவர் பேச்சு பலூனுக்குள் ஒரு தகவலைச் சொல்வார், பத்து அத்தியாயம் கழித்து ஹஜிமே அதையே பிடித்துக்கொள்வான். ஏமாற்று வேலை இல்லை, நியாயமாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லப் படம் எதற்கு? 37 வெளிவந்த 'ஈவினிங்' இதழின் தொகுதி பி6 அளவு, பழைய சிறுவர் இதழ்த் தொகுதியைவிடப் பெரிய பக்கம். அத்தனை இடத்திலும் முகங்கள்தான்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று எழுதியதில் கொஞ்சம் கடுமை. முதல் கதையில் அவன் வாடிக்கையாளர் முன்னால் குனிந்து நிற்பது, விடுமுறை கெட்டுப்போவது, மேலதிகாரியின் போன். அவையெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. அவன் வேலை பார்க்கும் மக்கள் தொடர்பு (பி.ஆர்.) நிறுவனத்தின் பெயர் ஒத்தோவா பிளாக் பி.ஆர். ஒத்தோவா என்பது தொடரை வெளியிடும் கோதான்ஷா பதிப்பகம் இருக்கும் தோக்கியோ பேட்டை. ஊழியரைப் பிழிந்தெடுக்கும் அலுவலகத்தை ஜப்பானில் பிளாக் நிறுவனம் என்பார்கள். அந்தப் பெயரைத் தன் வீட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறார் கதாசிரியர் செய்மாரு அமாகி, அவரே அந்தப் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்துவிட்டு 1999-இல் வெளியே வந்தவர்.

அதே மனிதர் வேறொரு புனைபெயரில் அக்காவோடு சேர்ந்து ஒயின் பற்றி எழுதும்போது ஒரு குப்பியின் ஆண்டு, மண், மலைச்சரிவு வரைக்கும் போகிறார். இங்கே பி.ஆர். வேலை என்றால் என்ன, ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எங்கே தவறும் என்பதில் கால்வாசி அக்கறை காட்டியிருந்தால்கூட, ஒரு கொலையை அந்த வேலையின் உள்ளிருந்தே கட்டியிருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

போன் சிக்னல். 37-ஐக் குறை சொல்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள், எனக்கு இது குறையாகவே படவில்லை. 1992-இல் தொலைபேசிக் கம்பியும் படகும் போனால் தீவு தனித்தீவு. இப்போது அப்படி முடியாது. கோபுரத்தைச் சாய்த்தால் வைஃபை இருக்கிறது. வைஃபையை நிறுத்தினால் யாராவது சாட்டிலைட் போன் வைத்திருப்பார்கள். இதற்கெல்லாம் காரணம் சொல்லியே பக்கங்கள் தீர்ந்துவிடும்.

சுலபமான வழி, சிக்னலை விட்டுவிடுவது. புயலில் ஹெலிகாப்டர் பறக்காது, படகு ஓடாது. போலீஸோடு பேசிக்கொண்டே இருக்கலாம், போலீஸ் வராது. அறைக்குள் அடைபட்டவர்களுக்குக் காதில் ஒரு குரல் இருந்தும் கை எட்டாது. அமைதியைவிட அது பயங்கரம்.

(இங்கே இருந்து போன் பண்ணினாலும் அப்படித்தான்.)

மார்ச் 17, திங்கள்

தூக்கம் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

'குற்றவாளிகளின் வழக்கேடு' இரண்டு தொகுதி. ஷின்பெய் ஃபுனாத்சு வரைந்தது, 2017 முதல் 2020 வரை. பழைய கிந்தாய்ச்சிக் கொலைகளைக் கொலைகாரன் பக்கமிருந்து பார்க்கும் நகைச்சுவை. கம்பி கட்டி, சாமான் தூக்கி, ஓடி, நேரம் தவறி, மூச்சுவாங்கி நிற்கும் கொலைகாரர்கள். சிரிப்புப் புத்தகம்தான். ஆனால் ஒரு டிரிக்குக்கு உடம்பால் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. எத்தனை கிலோ, எத்தனை படி, ஈரக்கை. மூலத்தை எழுத்தெண்ணிப் படித்தவரால்தான் அப்படி வரைய முடியும்.

37-இல் எனக்கு இல்லாமல்போனது அந்த எடை. பெரிய காரணம் ஹஜிமேயின் பழைய எதிரி தகாத்தோ. பழைய தொடரிலும் அவன் மற்றவர்களுக்குக் கொலைத் திட்டம் வகுத்துக் கொடுத்தவன்தான், ஆனால் எப்போதாவது வருவான், வந்தால் நடுங்குவோம். இப்போது அவன் சிறையில், வெளியே அவன் வழிவந்தவர்களாக ஒலிம்பஸ் பன்னிரு தெய்வங்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. திட்டம் இன்னொருவன் மூளையில் பிறந்தால், கொலைகாரனின் வாழ்க்கை அவன் கையாலேயே டிரிக்கில் ஒட்டாது. நாடகக் குழுவின் துக்கம் சரவிளக்காக விழுந்தது, அதை வேறு யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

மார்ச் 20, வியாழன்

அவன் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதினால் கடைசியில் இரண்டு கிடைக்கோடுகள் அடுத்தடுத்து வரும். குடும்பப் பெயரின் கடைசி எழுத்தும் 'ஒன்று', 'ஹஜிமே'யும் 'ஒன்று'. தாத்தா கோசுகே, யோகோமிஸோ செய்ஷி 1946-இல் படைத்த துப்பறிவாளர், கலைந்த தலையைச் சொறிந்துகொண்டே யோசிப்பவர். தாத்தாவும் பேரனும் விடையைக் கண்டுபிடிப்பார்கள், ஆனால் அதற்குள் சாக வேண்டியவர்கள் பலர் செத்துவிட்டிருப்பார்கள்.

இதுதான் எனக்கு நாட்கணக்காகக் குடைகிறது. "இனி எந்தப் புதிரையும் அவிழ்க்க எனக்கு விருப்பமில்லை" என்பவன், எத்தனை பிணத்தைப் பார்த்தபின் சொல்கிறான்! பதினேழு வயதில் தோழர்கள், ஆசிரியர்கள், நேற்றுப் பேசியவர்கள். குற்றவாளியைச் சுட்டிக்காட்டிய பிறகு அந்தக் குற்றவாளியும் சிலநேரம் அவன் கண்முன்னாலேயே செத்தது. களைத்துப்போக அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் தொடர் என்ன செய்கிறது? காரணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறது. முதல் அத்தியாயத்தில் விருப்பமில்லை என்கிறான், கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரே அறையில் கூட்டி, "புதிர் முழுதும் அவிழ்ந்துவிட்டது" என்கிறான். அடுத்த கதையிலும் அப்படியே. அந்த விருப்பமின்மை எந்தக் கட்டத்தையும் மாற்றவில்லை.

மாற்றியிருக்கலாம். பார்க்க விரும்பாதவன் எப்படிப் பார்ப்பான்? துப்பு கட்டத்தின் ஓரத்தில் இருக்கும், அவன் முகம் மறுபக்கம் திரும்பியிருக்கும். வாசகருக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், ஆனால் அவன் பார்வை மட்டும் போகாது. சாத்தோ கண்களை வரைவதில் கெட்டிக்காரர். அவன் கண் எங்கே போகவில்லை என்று கவனித்தே விடையைப் பிடிக்கலாம். தலை எண்ணுவதைப் போல, அவன் தவிர்த்த இடங்களை எண்ணலாம். வாசகருக்கு நியாயமாகத் துப்பு கொடுக்க அது ஒரு புது வழி. 37 வயதுக்காரனுக்கு மட்டுமே பொருந்துகிற வழி, 17 வயதுப் பையனை வைத்துச் செய்யவே முடியாது.

அமாகிக்கு இது தோன்றியிருக்காது என்று நம்ப முடியவில்லை. அந்த வரியை எழுதிய கை அது.

மார்ச் 21, வெள்ளி

'ஈவினிங்' இதழே 2023 பிப்ரவரியோடு நின்றுபோனது. தொடர் இணையத்துக்கு மாறியது. மாதத்தில் இரண்டு செவ்வாய் காத்திருந்து படித்த பழக்கம் அதோடு முடிந்தது.

கேட்டுப் பார்த்தேன். இன்னும் இரண்டு நாளாம்.

மார்ச் 22, சனி

ஹகோதாத்தே தொகுதிகளை எடுத்தேன். பழைய இஜின்கான் ஹோட்டல், அங்கேயும் திரும்பப் போகிறார்கள். சாக்கி செத்த இடம் அது. வீடியோ கேமராவை இறக்காமல் திரிந்த சிறுவன். பிறகு அதே முகத்தோடு, அதே கேமராவோடு அவன் தம்பி வந்தபோது பழைய தொடர் அதைச் சட்டென்று கடந்துபோனது, எனக்குத்தான் கடக்க முடியவில்லை. 37 வயதுக்காரன் அந்த ஹோட்டல் படியில் ஏறும்போது ஒரு கணமாவது

மதியம் அழைத்துவிட்டார்கள். அட்டவணையில் முதல் நான்கு வரிதான் நிரம்பியிருக்கிறது. தாளைத் தொகுதிக்குள் வைத்திருக்கிறேன்.